'போ' என்று ஒரு வசனம், 'இரு' என்று ஒரு வசனம்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 30. நெல்லைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு சுகர், முழங்கால் வலி. தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். எனக்கு சவூதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வந்திருக்கிறது. ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார், இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கட்ட வேண்டுமாம். அதே நேரத்தில் எங்கள் சேகரத்திலேயே (சபை வட்டாரத்திலேயே) ஒரு வரன் வந்திருக்கிறது, ஸ்கூல் வாத்தியார். பையன் நல்லவர்தான், ஆனால் வெளிநாடு போகக் கூடாது என்கிறார்கள். புது வருட ஆராதனையில் எனக்கு அட்டையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் ஆதியாகமம் 12:1, "உன் தேசத்தை விட்டு" போ என்பது. அப்புறம் ஒருநாள் ஜெபித்துவிட்டு பைபிளைத் திறந்தால் சங்கீதம் 37:3, "தேசத்தில் குடியிருந்து" என்று வருகிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு அக்கா என் தலையில் கை வைத்து, "கடலைத் தாண்டிக் கொண்டுபோவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார்கள். மூன்று தடவை சீட்டும் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு தடவை 'போ', ஒரு தடவை 'போகாதே'. 'போகாதே' வந்த அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தேவ சித்தத்தை விட்டு விலகிவிட்டால் வாழ்க்கையே பாழாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கர்த்தருடைய சத்தம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஏஜென்ட் விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் கெடு உள்ள விஷயம் அது ஒன்றுதான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தவர் சேவைக் கட்டணமாக உங்களிடம் அதிகபட்சம் 30,000 ரூபாய் வாங்கலாம், ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. இரண்டரை லட்சம் எந்தக் கணக்கில் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். சவூதிக்குப் போகும் நர்ஸ்களுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி) கட்டாயம். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடினால் அந்த முகவர் பதிவு பெற்றவரா இல்லையா என்று தெரிந்துவிடும். தமிழக அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று 1978-லிருந்து இருக்கிறது, வளைகுடாவுக்கு நர்ஸ்களை அவர்களும் அனுப்புகிறார்கள், அங்கேயும் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். டேட்டாஃப்ளோ (சான்றிதழ் சரிபார்ப்பு), புரோமெட்ரிக் (தகுதித் தேர்வு) எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பணத்தையும் தேதியையும் மட்டும் பேசுகிறார் என்றால் எனக்கு அந்த ஆள்மேல் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், இந்த வேலைக்காக நீங்கள் ஜெபித்திருக்கிறீர்கள், உபவாசம் இருந்திருக்கிறீர்கள், சீட்டுப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்த ஏஜென்ட் யார், எவர் என்று விசாரித்ததாக ஒரு வரி கூட இல்லை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, நம் சபைகளில் பாதிப்பேர் இப்படித்தான் இருக்கிறோம். விசாரிப்பது விசுவாசக் குறைவு என்று எப்படியோ நமக்குள் பதிந்துவிட்டது. "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்ற நீதிமொழிகள் 3:5-ஐச் சொல்லிச் சொல்லியே புத்தியை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். அதே நீதிமொழிகளில் 14:15 என்ன சொல்கிறது? "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான், விவேகியோ தன் நடையின்மேல் கவனமாயிருக்கிறான்." ஏஜென்ட்டைப் பற்றி உங்களுக்குத் தனியாக ஒரு தீர்க்கதரிசனம் தேவையில்லை, இந்த ஒரு வசனமே போதும். அதோடு, முப்பதாம் தேதி என்பது அவர் வைத்த கெடு. அதைக் கர்த்தர் வைத்த கெடுவாக எடுத்துக்கொண்டு நீங்கள் தவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, இனி அந்த வசனங்களுக்கு வருவோம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் குவித்து வைத்து நீட்டுகிற வாக்குத்தத்த அட்டைகளை நான் கேலி செய்ய மாட்டேன். அதைப் பைபிளுக்குள் செருகி வைத்து, வருடம் முழுக்க அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கஷ்டத்தைக் கடந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். பிடித்த வசனம் வராவிட்டால் யாரும் பார்க்காத நேரத்தில் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பவர்களையும் தெரியும்! ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த வசனங்களை ஒரு அச்சகத்துக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து பொறுக்கியெடுத்திருக்கிறார், நல்லதாக, சின்னதாக, அட்டையில் பூப்படத்துக்குக் கீழே அடங்குவதாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். எரேமியா 29:11 எல்லா வருடமும் யாருக்காவது வரும், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் பாபிலோனில் கிடக்க வேண்டும் என்று இருக்கிறதே, அதை எந்த அட்டையிலாவது பார்த்திருக்கிறீர்களா? பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது, அது கைக்கு வந்தபோது அதை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்குத்தத்தம்.

ஆதியாகமம் 12:1-ம் அப்படித்தான். அது ஆபிராமுக்குச் சொன்னது. அவருக்கு அப்போது 75 வயது, கூட மனைவி, சகோதரனுடைய மகன், ஆட்கள், சொத்து எல்லாம் இருந்தது. அதே அதிகாரத்தைப் பதிமூன்றாம் வசனம் வரை வாசியுங்கள். கர்த்தர் காட்டிய தேசத்துக்கே வந்து சேர்ந்த மனிதர், அங்கே பஞ்சம் வருகிறது, எகிப்துக்குப் போகிறார், உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொல்லச் சொல்கிறார். கர்த்தர் நேராகப் பேசி, அதற்குக் கீழ்ப்படிந்து போனவருக்கே நிலைமை இது. நீங்கள் என்னவென்றால் சத்தத்தைச் சரியாகக் கேட்டுவிட்டால் அதற்கப்புறம் எல்லாம் சுகமாக நடந்துவிடும் என்று நினைக்கிறீர்கள்.

சங்கீதம் 37:3-ஐ உங்கள் விசாவைத் தடுக்க வந்த வசனம் என்று எடுத்துக்கொண்டால், அதைப் பாடிய தாவீதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பொல்லாதவன் தழைக்கிறானே என்று வயிறெரியாதே, நீ கர்த்தரை நம்பி நன்மை செய், அதுதான் அந்தச் சங்கீதம் முழுக்க ஓடுகிற பேச்சு. நெல்லையில் இருந்துகொண்டும் அதைச் செய்யலாம், ரியாத்தில் இருந்துகொண்டும் செய்யலாம். ஆகவே உங்களுக்கு வந்த இரண்டு வசனங்களும் ஒன்றோடொன்று மோதவில்லை. இரண்டில் எதுவுமே உங்கள் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

சீட்டுக்கும் வேதத்தில் இடமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகள் 16:33-ல் இருக்கிறது, யூதாஸின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். அடுத்த அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார். அதற்கப்புறம் சீஷர்கள் எதையாவது தீர்மானிக்கச் சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஒரு இடமும் இல்லை. தோல் மட்டும் பனியில் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று அடையாளம் கேட்ட கிதியோனின் ஆட்டுத்தோலையும் நீங்கள் சொல்லலாம். ஆனால் நியாயாதிபதிகள் 6-ல் கிதியோன் தோலைப் போடுவதற்கு முன்னாலேயே கர்த்தர் அவரிடம் போ என்று சொல்லியாகிவிட்டது. சொன்னபடி செய்வீர் என்பதற்கு அடையாளம் கேட்கிறார், அதுவும் முதல் அடையாளம் கிடைத்த பிறகு கோபித்துக்கொள்ளாதிரும் என்று கெஞ்சிக்கொண்டே அடுத்ததைக் கேட்கிறார். என்ன செய்வது என்று தெரியாமல் போட்ட தோல் இல்லை அது.

சீட்டுப் போடுகிற பழக்கம் நம்மோடு தொடங்கியதும் இல்லை. மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி வாலிப வயதில் அமெரிக்காவில் ஜார்ஜியாவிலுள்ள சவன்னாவில் மிஷனரியாக இருந்தபோது சோஃபியா ஹாப்கி என்ற பெண்ணை விரும்பினார். கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் 1737 மார்ச் 4-ம் தேதி மூன்று சீட்டு எழுதினார்கள். ஒன்றில் கல்யாணம் செய், இன்னொன்றில் இந்த வருடம் அதை நினைக்காதே, மூன்றாவதில் இனி அதை நினைக்கவே நினைக்காதே. கூட இருந்த நண்பர் டெலமாட் எடுத்தார், மூன்றாவது வந்தது. வெஸ்லி கர்த்தருடைய சித்தம் என்று ஏற்றுக்கொண்டார். அந்த மாதம் 12-ம் தேதியே சோஃபியா வில்லியம்சன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதோடு முடிந்ததா? ஆகஸ்டில் வெஸ்லி அந்தப் பெண்ணுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார், கணவர் வழக்குப் போட்டார், டிசம்பரில் வெஸ்லி ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து தெளிவாகப் பேச வேண்டிய நேரத்தில் அவர் சீட்டோடு பேசிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உள்ளே ஆசை அப்படியே இருந்தது, சீட்டு அதைத் தொடவே இல்லை.

அவரே 1739-ல் பிரிஸ்டலுக்குப் போவதா என்று கேட்டு நண்பர்களோடு பைபிளைத் திறந்து பார்த்தபோது வந்ததெல்லாம் சாவையும் அடக்கத்தையும் பற்றிய வசனங்கள், ஆகாஸ் ராஜாவை அடக்கம் செய்த வசனம் உட்பட. போனால் செத்துவிடுவார் என்று நினைத்தார்கள். போனார். வெளியில் வெட்டவெளியில் நின்று பிரசங்கிக்க ஆரம்பித்தது அங்கேதான், மெதடிஸ்ட் எழுப்புதல் பெருகியதும் அதிலிருந்துதான். 1791-ல் 87 வயதில்தான் மரித்தார். வெஸ்லியைக் கர்த்தர் நடத்தவில்லையா என்றால், நன்றாகவே நடத்தினார். திறந்து பார்த்த வசனங்களை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் விடை தப்பு, அவ்வளவுதான்.

அடுத்து அந்த அக்கா சொன்ன தீர்க்கதரிசனம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் தீர்க்கதரிசனமே இன்று இல்லை என்று தள்ளுகிறவர்கள், இன்னொரு பக்கம் ஊழியக்காரர் வாயைத் திறந்தாலே கர்த்தர் பேசிவிட்டார் என்று நம்புகிறவர்கள். பவுல் இரண்டு பேரையும் விடவில்லை. "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று சொல்லி, அடுத்த மூச்சிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசிகள் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார். நம் ஜெபக்கூட்டங்களில் பேசுவது நடக்கிறது, நிதானிப்பது நடக்கிறதா? கை வைத்துச் சொன்னதும் "ஆமென், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அது மட்டுமா, நீங்கள் சவூதிக்கு முயற்சி செய்வது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு முன்பே தெரியும்? போன மாத ஜெபக்குறிப்பில் நீங்களே கொடுத்திருப்பீர்கள். அந்த அக்கா பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள்மேல் உள்ள பாசத்தில், உங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசையில் வருகிற வார்த்தைகளும் உண்டு, சொல்லுகிறவருக்கே அது பிரித்துத் தெரியாது.

சரி, உண்மையிலேயே ஆவியானவரால் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் என்ன செய்வது என்பது தானாக முடிவாகிவிடாது. அப்போஸ்தலர் 21-ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். தீருவில் இருந்த சீஷர்கள் ஆவியின் ஏவுதலால் பவுலிடம் எருசலேமுக்குப் போகாதே என்கிறார்கள். செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, பவுலுடைய கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்காரனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்கிறார். கூட இருந்த லூக்கா உட்பட எல்லோரும் அழுதுகொண்டே போகாதே என்கிறார்கள். பவுல் போகிறார்! அகபு சொன்னதை அவர் மறுக்கவில்லை, என்ன நடக்கும் என்று தெரிந்தே போகிறார். என்ன நடக்கும் என்று சொல்வது தீர்க்கதரிசியின் வேலையாக இருந்தது, போவதா வேண்டாமா என்பதைப் பவுல் தன் ஊழியத்தையும் மனசாட்சியையும் வைத்துத் தானே தீர்மானித்தார். மற்றவர்கள் கடைசியில், "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்துவிட்டார்கள். யாரும் அவரை தேவ சித்தத்தை மீறினவர் என்று சபையைவிட்டுத் தள்ளவில்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். தேவ சித்தம் என்பது கடைசி பஸ் மாதிரி, ஒரு நிமிடம் பிந்தினால் அது போய்விடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். யார் இதைச் சொல்லிக்கொடுத்தது? வேதத்தில் "இதுவே தேவனுடைய சித்தம்" என்று நேராக எழுதியிருக்கிற இடங்களைத் தேடிப் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:3, நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பது. அதே நிருபம் 5:18, எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வாத்தியார் என்று எங்கும் இல்லை. கல்யாண விஷயத்தில் பவுல் விதவைகளுக்கு எழுதியதைப் பாருங்கள், 1 கொரிந்தியர் 7:39, தனக்கு இஷ்டமான எவரையும் மணந்துகொள்ள விடுதலை உண்டு, ஆனால் கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும். வேலி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார், அதற்குள்ளே உன் இஷ்டம் என்கிறார். "இஷ்டம்" என்ற வார்த்தையே வேதத்தில் இருக்கிறது, நாம்தான் அதைப் பாவம் என்று நினைத்துப் பயப்படுகிறோம்.

பவுலுக்கே ஒவ்வொரு நாளும் தரிசனம் வந்துகொண்டிருக்கவில்லை. அப்போஸ்தலர் 16-ல் ஆசியாவில் பேசப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம் பண்ணுகிறார், அங்கேயும் தடை. அதாவது மனிதர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறார், அடையாளம் வரட்டும் என்று வீட்டில் உட்காரவில்லை. துரோவாவில் ராத்திரி தரிசனம் வருகிறது, உடனே கூட இருந்தவர்களோடு பேசி, கர்த்தர் நம்மை அழைத்தார் என்று "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" போனோம் என்று லூக்கா எழுதுகிறார். ஒருவர் கண்ட தரிசனம், எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அவ்வளவு தெளிவாக நடத்தப்பட்டுப் போன பிலிப்பியில் அவருக்குக் கிடைத்தது முதுகில் அடியும் காலில் தொழுமரமும். அதனால் நாளைக்கு சவூதியில் முதல் மூன்று மாதம் அழுதுகொண்டே டியூட்டி பார்த்தாலும், "ஐயோ, சித்தம் தப்பிவிட்டதே" என்று அர்த்தமில்லை. இங்கேயே இருந்து கல்யாணம் செய்து முதல் வருடம் சண்டையாகவே போனாலும் அதே பதில்தான்.

நீங்கள் நர்ஸ் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மிஷனரி வீட்டுப் பெண், ஆனால் மிஷனரியாக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் என்பதால் அவர் வரக் கூடாது என்றார்கள், ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி தூங்காமல் ஜெபித்துவிட்டு, படித்து டாக்டராக வருகிறேன் என்று முடிவு எடுத்தார். 1899-ல் படிப்பை முடித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். வசனம் எடுத்துப் பார்க்கவில்லை, கண்ணுக்கு முன்னால் ஒரு தேவை இருந்தது, தன்னால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. எல்லாத் தேவையும் எல்லோருக்கும் அழைப்பு ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதையும் ஒரு அடையாளமாகப் பிடித்துக்கொள்வீர்கள்.

இப்போது நீங்கள் எழுதாமல் விட்டதைப் பற்றிப் பேசலாமா? அட்டைக்கும் சீட்டுக்கும் அக்காவுக்கும் எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள்! அந்த வாத்தியாரைப் பற்றி எழுதியது, "பையன் நல்லவர்தான்" என்ற இரண்டு சொல். "தான்" என்று முடித்திருப்பதே என்னை யோசிக்க வைத்தது. அவரோடு பேசினீர்களா, எப்படிப்பட்டவர், உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, ஒன்றும் இல்லை. 'போகாதே' என்று சீட்டு வந்த ராத்திரி தூக்கம் போனது என்று எழுதினீர்கள், 'போ' வந்த ராத்திரிகளில் தூங்கினீர்கள் போலிருக்கிறது. இதை வைத்து நீங்கள் சவூதிக்குப் போவதுதான் கர்த்தரின் சித்தம் என்று நான் சொல்ல மாட்டேன், தூக்கம் வருவதும் போவதும் கர்த்தருடைய சத்தம் இல்லை. ஆனால் உங்கள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது, அதை நீங்கள் உங்களிடமே ஒத்துக்கொள்ளவில்லை. 'எனக்குப் போக ஆசை' என்றோ, 'இந்தக் கல்யாணத்தில் எனக்கு விருப்பமில்லை' என்றோ அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, அதனால் கர்த்தர் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லையே என்று காத்திருக்கிறீர்களோ? என் ஊகம் தப்பாக இருந்தால் தள்ளிவிடுங்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்ப்பதால் கேட்கிறேன்.

ஆதியாகமம் 24-ல் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் அடையாளம் கேட்டது நமக்கெல்லாம் தெரியும், தண்ணீர் கேட்டால் ஒட்டகங்களுக்கும் வார்க்கிற பெண். அதுவே குருட்டு அடையாளம் இல்லை, பத்து ஒட்டகத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பெண் எப்படிப்பட்டவள் என்று பார்க்கிற பரீட்சை. அடையாளம் அப்படியே நிறைவேறி, அப்பாவும் அண்ணனும் "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது" என்று ஒத்துக்கொண்ட பிறகும், மறுநாள் ரெபெக்காளைக் கூப்பிட்டு, நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள். கர்த்தர் நடத்திய கல்யாணத்திலேயே பெண்ணிடம் கேட்டிருக்கிறார்கள். உங்களிடம் யாராவது கேட்டார்களா?

அம்மா விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன், ஏனென்றால் அங்கே வேதம் தெளிவாகப் பேசுகிறது. சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. தேவனுக்கென்று ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசுவே மாற்கு 7-ல் கண்டித்திருக்கிறார். அதனால் நீங்கள் போகக் கூடாது என்று ஆகாது. போனால் அம்மாவின் மாத்திரைக்கும் டாக்டருக்கும் யார் பொறுப்பு, தம்பி மாதம் எத்தனை தடவை வருவான், ராத்திரி சுகர் இறங்கினால் யார் கதவைத் திறப்பார்கள், இதற்கெல்லாம் பதில் இல்லாமல் போகக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச் சொல்லி மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவின் மனசில் என்ன இருக்கிறது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. பெற்ற தாயிடம் கேட்காமல் பரலோகத்தில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

கத்தோலிக்கர் என்பதால் நம்மில் சிலர் ஒதுக்கிவைக்கிற, இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லயோலா, 16-ம் நூற்றாண்டிலேயே இதற்கு உருப்படியான வழி எழுதி வைத்திருக்கிறார். மனசு வறண்டு, கலங்கி, இருண்டு கிடக்கிற நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். உங்களைப் போலவே ஒரு பெண், முன்பின் தெரியாதவள், இதே கேள்வியோடு வந்தால் அவளுக்கு என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார், அப்புறம் சாகிற நேரத்தில் இந்த முடிவைத் திரும்பிப் பார்த்தால் எதை எடுத்திருக்க வேண்டும் என்று நினைப்பாய் என்று யோசி என்கிறார். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதும்போது ஜெபியுங்கள், யாக்கோபு 1:5 அடையாளம் கேள் என்று சொல்லவில்லை, ஞானத்தைக் கேள் என்கிறது, கேட்டவரைக் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்கிறது. எழுதி முடித்ததை உங்கள் சேகரத்து ஐயரிடமோ (போதகரிடமோ), உங்களை நன்றாகத் தெரிந்த, உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு மூத்த நர்ஸிடமோ காட்டுங்கள். சவூதியில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது, டியூட்டி நேரம், தங்குமிடம், வெளிப்படையாக ஆராதனை நடத்த முடியாத ஊரில் எப்படி விசுவாசத்தைக் காத்துக்கொண்டார் என்பதையெல்லாம் அவரிடம் கேட்கலாம். அதற்குப் பிறகும் தெளிவு வரவில்லையா, முடிவைத் தள்ளிப்போடுங்கள். சவூதி எங்கேயும் ஓடிவிடாது, நல்ல நர்ஸுக்கு வேலை அடுத்த வருடமும் இருக்கும். இனி சீட்டு மட்டும் போடாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படிக் காத்திருக்க முடியாது, அவர்களுக்குச் சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும். முதலில் அந்த வாத்தியாரோடு ஒரு தடவையாவது நேரில் பேசுங்கள், அவருக்கும் வெளிநாடு வேண்டாமா, இல்லை அவர் வீட்டார் மட்டும் சொல்கிறார்களா என்பதே உங்களுக்குத் தெரியவில்லை. பேசிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால், "ஜெபித்துப் பார்த்தோம், கர்த்தர் வேறு வழி காட்டிவிட்டார்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். நம் ஊரில் வரனைத் தட்டிக்கழிக்க எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. கேட்கிறவருக்குத் தன்னைக் கர்த்தரே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எவ்வளவு வலிக்கும் என்று யாரும் நினைப்பதில்லை, தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்பதும் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. உங்கள் அம்மாவையோ ஐயரையோ கூட வைத்துக்கொண்டு, "எனக்கு இதில் விருப்பமில்லை, உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னியுங்கள்" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.